எம்.எஸ். உள்ளவர்களுக்கு உதவிக் கருவி: சோர்ந்த நேரத்து உடம்புக்கு அளவெடுங்கள்

கைத்தடியோ வாக்கரோ பார்க்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காலையில் போகிறார்கள். தூங்கி எழுந்த தெம்பு உடம்பில் இருக்கும், வெயில் ஏறியிருக்காது, கடையின் தரையும் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும். நான்கு எட்டு நடந்து பார்த்துவிட்டு ‘சரி, இதுவே போதும்’ என்று வாங்கி வந்துவிடுவார்கள். அதே ஆள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே தடியோடு, படுக்கையறைக்கும் கழிவறைக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., அப்படிப்பட்ட நோய். ஒரே நாளில் ஒரே உடம்பு இரண்டு விதமாக நடந்துகொள்ளும். அதனால் இதில் நான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போவது ஒன்றுதான்: எந்தக் கருவியானாலும் சோர்ந்த நேரத்து உடம்பை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்றொரு உறை இருக்கிறது. எம்.எஸ்.ஸில் நம் நோய் எதிர்ப்பு மண்டலமே அந்த உறையைச் சிதைத்துவிடுகிறது. உறை போன இடத்தில் சமிக்ஞை மெதுவாகப் போகும், சில சமயம் போய்ச் சேரவே சேராது. எந்த இடத்தில் உறை போனது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கால் இழுக்கும், ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கை நடுங்கும். ஆகவே ‘எம்.எஸ்.ஸுக்கு எந்தக் கருவி நல்லது?’ என்று யாராவது கேட்டால் அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. இன்னொன்று, இந்த நோய் பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தலைகாட்டுகிறது. வேலைக்குப் போகிற, சின்னக் குழந்தையைத் தூக்கி வளர்க்கிற ஆட்கள்தான் கருவி தேடி வருகிறார்கள். கடையில் இருப்பவற்றில் பாதி எண்பது வயதுக்காரரை நினைத்துச் செய்தவை. அந்த எரிச்சல் நியாயமானதுதான், ஆனால் அதற்காகக் கருவியே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம்

ஒரு சின்ன நோட்டு, இல்லாவிட்டால் போனிலேயே ஒரு குறிப்பு. ஒரு வாரம் முழுக்க எங்கே தடுமாறினீர்கள், எத்தனை மணிக்கு, கையில் என்ன இருந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். ‘நடக்கக் கஷ்டம்’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ‘குளித்துவிட்டு வெளியே வரும்போது இடது முழங்கால் மடிந்தது’ என்று எழுதினால் அதிலேயே பாதி விடை இருக்கிறது, ஏனென்றால் அங்கே தேவைப்படுவது தடி இல்லை, குளிக்க ஒரு நாற்காலியும் வெதுவெதுப்பான தண்ணீரும்.

வீடும் சில விஷயங்களைச் சொல்லும். ஹாலிலிருந்து அறைக்குப் போகிற சுவரை இடுப்பு உயரத்தில் உற்றுப் பாருங்கள். ஒரே மட்டத்தில் வரிசையாகக் கை அழுக்குப் படிந்திருந்தால், நீங்கள் கொஞ்ச நாளாகவே சுவரைத்தான் தடியாகப் பிடித்து நடக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் செருப்பையும் ஷூவையும் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு காலின் முன்நுனி மட்டும் தேய்ந்து நூல் பிரிந்து கிடக்கிறதா? பாதம் தூக்காமல் தரையில் உரசுகிறது. பக்கத்தில் நடப்பவர் காதில் அந்த ‘சர்ர்’ சத்தம் உங்களுக்கு முன்பே விழுந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டையோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டையோ பாருங்கள். முதலாமவர் நடை, தசை, சமநிலை பார்ப்பார். இரண்டாமவர் நீங்கள் குளிப்பது, சமைப்பது, உடுத்துவது, வேலை செய்வது எல்லாவற்றையும் பார்த்து எங்கே எதை மாற்றலாம் என்று சொல்வார். முடிந்தால் மத்தியானத்துக்கு மேல் நேரம் வாங்குங்கள். காலை ஒன்பது மணிக்குப் போய் நிமிர்ந்து நடந்து காட்டிவிட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை.

பாதம் தொங்கினால்

பாதத்தின் முன்பகுதி தூக்காமல் தொங்குவதை ஃபுட் டிராப் என்பார்கள். எம்.எஸ்.ஸில் விழுவதற்கு இது பெரிய காரணம். எளிய வழி ஒரு எலாஸ்டிக் பட்டை: கணுக்காலைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து ஷூ லேஸுக்கு ஒரு இழுவை, அவ்வளவுதான். லேசான தொய்வுக்கு இதுவே தாங்கும். நடக்க நடக்கத்தான் பாதம் தொங்குகிறது, கிளம்பும்போது சரியாக இருக்கிறது என்பவர்கள் இதைப் பையில் வைத்திருந்து தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளலாம்.

அதற்கு அடுத்தது ஏ.எஃப்.ஓ., கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் கூடு. பிளாஸ்டிக்கில் வருவது கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் கனம், புழுக்கம். கார்பன் ஃபைபரில் வருவது மெல்லியது, காலை ஊன்றி எடுக்கும்போது கொஞ்சம் உந்தியும் விடும். ஆனால் தசை விறைப்பு அதிகமாகி பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொள்கிறவர்களுக்குக் கார்பன் பெரும்பாலும் போதாது. இதைக் காலுக்கு அளவெடுத்துச் செய்வதுதான் நல்லது. ஷூ அரை அளவாவது பெரிதாக வேண்டும், உள்ளே இருக்கும் பழைய மெத்தையை எடுத்துவிட்டால் சில சமயம் அந்த இடமே போதும். நீளக் காலுறை போடாமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

புதிதாக மாட்டும்போது முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கழற்றியதும் நல்ல வெளிச்சத்தில் காலைப் பாருங்கள். கணுக்கால் எலும்பு, குதிகால், சுண்டுவிரல் பக்கம், கெண்டைக்கால் பட்டை இருந்த இடம், இந்த நான்கும் முக்கியம். சிவப்பு இருக்கத்தான் செய்யும், அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டால் பரவாயில்லை. மறையாவிட்டால் கூடு அழுத்துகிறது, செய்தவரிடம் திரும்பக் கொண்டுபோங்கள். ‘வலிக்கவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். மரத்துப்போன காலில் புண் வந்தாலும் வலிக்காது. அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

மின் தூண்டல் கருவியும் இருக்கிறது, எஃப்.இ.எஸ். என்பார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் நரம்பின் மேல் ஒட்டுகிற மின்முனைகள், குதிகால் தரையை விட்டு எழும்புவதைக் கண்டுபிடிக்க ஷூவுக்குள் ஒரு சுவிட்சோ காலில் ஒரு சாய்வு உணரியோ. குதிகால் எழும்பியதும் சின்ன மின்துடிப்பு போகும், பாதம் தானாகத் தூக்கும். விளாதிமிர் லிபர்சன் என்ற மருத்துவர் 1961இல் பக்கவாதக்காரர்களுக்காக இதை முதலில் காட்டினார். எம்.எஸ்.ஸுக்கு இது பொருந்துவதற்குக் காரணம், கோளாறு மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிறதே தவிர தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகிற நரம்பு பொதுவாக நன்றாகவே இருக்கிறது. மின்முனை ஒரு விரல்கடை தள்ளிப்போனாலும் பாதம் நேராகத் தூக்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பும், அதனால் சரியான இடம் கிடைத்ததும் தோலில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விலையும் லேசில் இல்லை, ஆகவே சோதித்துப் பார்க்கக் கொடுக்கிற இடத்தில் உங்கள் காலில் மாட்டி நடந்து பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

தடி, இரட்டைத் தடி, வாக்கர்

கைத்தடியைப் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது கால் பலவீனம் என்றால் தடி இடது கையில். சினிமாவில் எல்லாரும் தப்பாகத்தான் பிடிப்பார்கள், அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் தலைகீழாகத் தோன்றும். தடியும் பலவீனமான காலும் ஒன்றாக முன்னே போகும், அப்புறம் நல்ல கால். உயரம் பார்க்க, வழக்கமாகப் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு கையைத் தளரத் தொங்கவிட்டு நில்லுங்கள். மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே பிடியின் மேல்பக்கம் வர வேண்டும், பிடித்தால் முழங்கை லேசாக மடிந்திருக்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில்.

ஒற்றைத் தடி நெடுநாள் பிடித்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், முதுகும் தோளும் வலிக்கும். சமநிலைதான் பிரச்சினை, எடையைத் தாங்க வேண்டியதில்லை என்றால் மலையேறுகிறவர்கள் பிடிக்கிற இரட்டைக் கம்பு என் கணக்கில் ரொம்ப நல்ல தேர்வு: நிமிர்ந்து நடக்கலாம், இரண்டு கையும் வேலை செய்யும், மடக்கிப் பையில் போடலாம். யாரும் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்கவும் மாட்டார்கள், அது ஒன்றும் சின்ன லாபம் இல்லை. எடையைத் தாங்க வேண்டுமென்றால் முழங்கைக்குக் கீழே முன்கையைச் சுற்றிப் பிடிக்கிற எல்போ கிரச்சுக்குப் போங்கள். அதில் கையை விட்டாலும் தடி கீழே விழாது, கதவைத் திறக்கலாம், சாவி எடுக்கலாம்.

நான்கு கால் தடி தனியாக நிற்கும் என்று பலர் வாங்குகிறார்கள். நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையில் படாவிட்டால் அதுவே ஆடும், மேடுபள்ளத்தில் தொல்லை. வீட்டுக்குள் மெதுவாக நடப்பவர்களுக்குச் சரி.

நான்கு சக்கரமும் பிரேக்கும் இருக்கையும் வைத்த ரோலேட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எம்.எஸ். அசதிக்கு இதைப்போல ஒத்துப்போகிற சாமான் குறைவு. அசதி என்று நான் சொல்வது சாதாரணக் களைப்பு இல்லை. பேட்டரி தீர்ந்த போன் மாதிரி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உடம்பு நின்றுவிடும், அந்த இடத்திலேயே உட்கார ஓர் ஆசனம் கையோடு வருவதுதான் ரோலேட்டரின் அருமை. வெளியே போவதற்கு என்றால் சக்கரம் பெரிதாக, குறைந்தது 20 செ.மீ. இருக்கட்டும், சின்னச் சக்கரம் சிறு கல்லில் கூட முட்டி நின்றுவிடும். பிரேக்கை உங்கள் கையால் பிடித்துப் பாருங்கள், விரலில் வலு இல்லாதவர்களுக்குப் பிடியை அழுத்துகிற வகை உதவாது. உட்காரும் முன் இரண்டு பிரேக்கையும் பூட்டுங்கள், முடிந்தால் பின்பக்கம் சுவரில் முட்டுகிற மாதிரி நிறுத்தி உட்காருங்கள். அதில் உட்கார்ந்திருக்கும்போது யாரையும் தள்ளவிடாதீர்கள், அது சக்கர நாற்காலி இல்லை, கவிழும். ஒரு எச்சரிக்கை: முன்பக்கம் ரொம்பச் சாய்ந்து எடையைப் போட்டால் ரோலேட்டர் உங்களை விட்டு ஓடும். அப்படிச் சாய வேண்டியிருக்கிறவர்களுக்குச் சக்கரமில்லாத அல்லது முன்னால் மட்டும் இரண்டு சக்கரமுள்ள வாக்கர்தான் பாதுகாப்பு.

சக்கர நாற்காலி: ‘இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை’ என்பவர்களுக்கு

நடக்கத் தெரிந்தவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் நடை மறந்துவிடும் என்று குடும்பத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் தசை மெலியும் என்பது உண்மை. ஆனால் கல்யாண வீட்டுக்கோ விமான நிலையத்துக்கோ நாற்காலியில் போய், அங்கே இறங்கி நான்கு பேரோடு நின்று பேசிவிட்டு வருவது வேறு விஷயம். நடந்தே போய்ச் சேர்ந்து, போன இடத்தில் பேசக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடப்பதில் யாருக்கு என்ன லாபம்? நடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் நீங்கள் மாறி மாறிப் போய்வரலாம். பகுதி நேர நாற்காலிக்காரர்கள் எம்.எஸ்.ஸில் ஏராளம்.

கையால் உருட்டுவது முதலில் தோன்றுவது. எம்.எஸ். கையையும் சோர வைக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். காலை ஓய்வெடுக்க வைத்துக் கையை வாட்டினால் கணக்கு சரியாகாது. பின்னால் ஓர் ஆள் எப்போதும் இருந்தால் தள்ளுகிற நாற்காலி போதும். தனியாகப் போகிறவர் என்றால் பவர் நாற்காலி, இல்லாவிட்டால் சாதாரண நாற்காலியில் மாட்டுகிற மோட்டார் சக்கரம். ஸ்கூட்டர் வகையும் நல்லதுதான், ஆனால் அதில் நிமிர்ந்து உட்கார இடுப்பில் வலு வேண்டும், இரண்டு கையாலும் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும், வீட்டுக்குள் திரும்ப இடம் பற்றாது. நோய் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகிறவர்களுக்கு ஜாய்ஸ்டிக் வைத்த பவர் நாற்காலி நெடுநாள் தாங்கும், பிற்பாடு தேவைக்கேற்ப இருக்கையையும் கட்டுப்பாட்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

அளவு: இடுப்புக்கு இரண்டு பக்கமும் சுமார் 2 செ.மீ. இடம் இருந்தால் போதும், ‘தாராளமாக இருக்கட்டுமே’ என்று அகலமாக வாங்கினால் ஒரு பக்கம் சரிந்துதான் உட்காருவீர்கள். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை நுனிக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கால்தாங்கி ரொம்ப உயரமாக இருந்தால் தொடை மேலெழும்பி முழு எடையும் உட்காரும் எலும்பில் விழும், புண் வருவது அங்கேதான். நாற்காலியின் மொத்த அகலம் இருக்கை அகலத்தைவிட 20 செ.மீ. வரை கூடுதலாக இருக்கும், இது வாசலில் மாட்டிக்கொண்ட பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. வீட்டில் எல்லாக் கதவையும் திறந்து, கதவுப் பலகையின் கனத்தையும் கழித்து அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 80 செ.மீ. கிடைத்தால் நிம்மதி. ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 150 செ.மீ. வெற்றிடம் வேண்டும். சாய்வுப் பாதை போடுவதாக இருந்தால் 1க்கு 12 என்ற கணக்கு, அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். ‘அவ்வளவா?’ என்று கொத்தனார் சொல்வார், குறுக்கிவிடாதீர்கள், இறங்கும்போது முன்பக்கம் குப்புறத் தள்ளும்.

மெத்தையை நாற்காலியோடு வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள், தனியாகத் தேர்ந்தெடுங்கள். ஃபோம், ஜெல், காற்று என்று வகைகள் இருக்கின்றன. தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் நெடுநேரம் உட்காருபவர்களுக்கும் காற்று அல்லது ஜெல் மெத்தையைத் தெரபிஸ்ட் சொல்லக்கூடும். எந்த மெத்தையானாலும் கால் மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை முன்னே குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்றியே ஆக வேண்டும், போனில் அலாரம் வைத்துவிடுங்கள். நாற்காலியிலிருந்து இறங்கும்போது பிரேக், அப்புறம் கால்தாங்கியை மடக்கு, அப்புறம்தான் எழு. கால்தாங்கி மேலேயே ஏறி நின்று நாற்காலியோடு கவிழ்ந்தவர்கள் நிறைய.

சூடு

1890இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடற்பயிற்சி செய்ததும் பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் திரும்பி வருகிற நோயாளிகளைப் பற்றி எழுதினார். பின்னால்தான் அதற்குக் காரணம் உடம்புச் சூடு என்று புரிந்தது. உடம்பின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே, உறை போன நரம்பில் சமிக்ஞை தடைபட்டுவிடும். ஒரு காலத்தில் எம்.எஸ்.தானா என்று பார்க்க நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தே சோதித்தார்கள் என்றால் பாருங்கள். நல்ல செய்தி, இது புதிய சேதம் இல்லை, உடம்பு குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். காய்ச்சலோ தொற்றோ சூடோ இல்லாமல் புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது வேறு, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குளிரூட்டும் மேலங்கி மூன்று விதமாக வருகிறது. தண்ணீரில் நனைத்துப் போடுவது லேசானது, விலையும் குறைவு, ஆனால் அது ஆவியாதலால் குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமுள்ள இடத்தில் அதைப் போட்டால் ஈரத்துணியைச் சுமக்கிறீர்கள், அவ்வளவே. பனிக்கட்டிப் பொதி வைப்பது எங்கேயும் வேலை செய்யும், கனமும் வியர்த்து ஒழுகுவதும் அதன் குறை, தோள் சோர்ந்தவர்கள் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகுகிற பொருளை வைத்தது. பனிக்கட்டி அளவு குளிராது, தோலைத் தாக்காது, ஐஸ் தண்ணீரிலோ ஃபிரிட்ஜிலோ வைத்து மறுபடி கெட்டியாக்கலாம், கொஞ்சம் விலை கூடுதல். எதை வாங்கினாலும் சூடு ஏறிய பிறகு போடுவதைவிட, வெளியே கிளம்பும் அல்லது உடற்பயிற்சி தொடங்கும் அரை மணிக்கு முன்பே போட்டு உடம்பைக் குளிர வைப்பது அதிகம் உதவும். மரத்துப்போன தோலில் ஐஸைத் துணியில்லாமல் வைக்காதீர்கள். சிலருக்குக் குளிர் பட்டால் தசை விறைப்பு கூடும், அவர்கள் கழுத்துப் பட்டை, மணிக்கட்டுப் பட்டை என்று சின்னதிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

குளியலறை

விழுவதற்கு இதைவிட வசதியான இடம் வீட்டில் இல்லை: ஈரம், சூடு, கெட்டியான மூலைகள். முதலில் தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்ல வேண்டும், அதாவது சூட்டைக் குறையுங்கள். கை மரத்தவர்கள் கையை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது, ஒரு தண்ணீர் வெப்பமானி வாங்கிவிடுங்கள்.

சுவர்க் கைப்பிடியைச் சுவரில் துளையிட்டு, ஆள் எடை தாங்கும்படி பொருத்த வேண்டும். உறிஞ்சி ஒட்டுகிற வகை எப்போது கழன்று வரும் என்று அதற்கே தெரியாது. துண்டு போடும் கம்பி கைப்பிடி இல்லை, ஆனால் தடுமாறும்போது கை முதலில் போவது அதில்தான், ஆகவே அது இருக்கும் இடத்தில் உண்மையான கைப்பிடியையே பொருத்தித் துண்டையும் அதிலேயே போடுங்கள். குளிக்க உட்காரும் நாற்காலிக்கு முதுகுச் சாய்வும் கைதாங்கியும் ரப்பர் காலும் வேண்டும், வெறும் ஸ்டூல் சமநிலை இல்லாதவர்களுக்கு ஆகாது. கூடவே கையில் பிடிக்கிற ஷவர். தொட்டி இருக்கிற வீடு என்றால் இரண்டு கால் தொட்டிக்கு உள்ளேயும் இரண்டு கால் வெளியேயும் நிற்கிற பெஞ்சு கிடைக்கும், வெளியே உட்கார்ந்து நகர்ந்து உள்ளே போய்விடலாம். கமோடு தாழ்வாக இருந்தால் மேலே பொருத்துகிற உயர்த்தி.

ஒன்றை யாரும் யோசிப்பதில்லை: கதவு. உள்பக்கமாகத் திறக்கிற கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது, விழுந்தவரின் உடம்பே தடுத்துக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுத் தரையிலிருந்து எட்டுகிற உயரத்தில் மாட்டிவையுங்கள், விழுந்தவருக்கு அலமாரி உயரம் எட்டாது.

கை

எம்.எஸ். நடுக்கம் பொதுவாகச் சும்மா இருக்கும்போது வராது. எதையாவது எடுக்கப் போகும்போது வரும், டம்ளரை நெருங்க நெருங்க அதிகமாகும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்வதே முதல் கருவி, காசு கிடையாது. கனமான கரண்டி, மணிக்கட்டில் கட்டுகிற எடைப் பட்டை சிலருக்கு நடுக்கத்தை அடக்கும், ஆனால் தசையும் பலவீனமாக இருந்தால் அந்த எடையே கையைச் சோர்த்துவிடும். பத்து நிமிடம் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நடுக்கத்தைத் தானே ஈடுகட்டுகிற மின்கரண்டிகளைப் பெரும்பாலும் வேறு வகை நடுக்கத்தை நினைத்துச் செய்திருக்கிறார்கள், திருப்பித் தர முடியும் என்றால் மட்டும் வாங்கலாம்.

பிடி வலு இல்லாதவர்களுக்குக் குழாய்க்குச் சுற்றுகிற ஃபோம் உறையை வெட்டிக் கரண்டி, பேனா, பிரஷ் எதிலும் மாட்டினால் பிடி தடிமனாகிவிடும். தட்டுக்கு அடியில் வழுக்காத விரிப்பு, ஒரு பக்கம் உயர்ந்த தட்டு, இரண்டு கைப்பிடி வைத்த மூடிக் கோப்பை. பொத்தான் போட ஒரு கம்பிக் கொக்கி இருக்கிறது, சட்டைத் துளைக்குள் விட்டுப் பொத்தானை இழுக்க வேண்டியதுதான். ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்டுவிட்டால் முடிச்சுப் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. கீழே விழுந்ததை எடுக்க நீளப் பிடி, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஒரு நாளில் எத்தனை தடவை குனிகிறோம் என்று அதைப் பயன்படுத்திய பிறகுதான் தெரியும்.

கணினியில் பலர் தேடாமல் விட்டுவிடுகிற வசதிகள் ஏற்கெனவே உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் வரும், இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியதை ஒவ்வொன்றாக அழுத்தலாம். ஆண்ட்ராய்டில் வாய்ஸ் அக்சஸ், ஐபோனில் வாய்ஸ் கன்ட்ரோல், குரலாலேயே போனை நடத்தலாம். தமிழில் பேசித் தட்டச்சு செய்வதும் இப்போது நன்றாகவே வருகிறது. மவுஸ் நழுவுகிறவர்களுக்கு உருண்டையை மட்டும் சுழற்றுகிற டிராக்பால்.

கண், ஞாபகம், இரவு

பார்வை நரம்பு அழற்சி வந்து போனவர்களுக்கு எழுத்து பெரிதாக இருந்தாலும் வெளிறித் தெரியும், குறைவது எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு. போனில் எழுத்தைப் பெரிதாக்குவதோடு வண்ண வேறுபாட்டையும் கூட்டுங்கள், படி விளிம்பில் பளிச்சென்ற பட்டை ஒட்டுங்கள். இரண்டு இரண்டாகத் தெரிந்தால் கண்ணாடியில் ஒட்டுகிற மெல்லிய பிரிசம் தாளைக் கண் மருத்துவர் தருவார். அதுவரை ஒரு கண்ணை மூடும் பட்டை உதவும், ஆனால் ஒற்றைக் கண்ணில் ஆழம் தெரியாது, படியில் கவனம்.

ஞாபகத்துக்குத் தனிக் கருவி வேண்டாம், போன் போதும். ஒரே நாட்காட்டி, ஒரே குறிப்பு இடம், மருந்துக்கு அலாரம் வைத்த டப்பா. நான்கு செயலிகளை இறக்கி நான்கையும் மறந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது.

இரவில் அவசரமாகக் கழிவறைக்கு ஓடும்போது விழுவது அதிகம். ஆள் நடமாட்டம் பட்டதும் எரிகிற விளக்கு, தூரமாக இருந்தால் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி அல்லது கையில் பிடிக்கிற சிறுநீர்க் கலம், பெண்களுக்கான வடிவத்திலும் இருக்கிறது. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ஓடி விழுந்து எலும்பை முறித்துக்கொள்கிறார்கள். படுக்கையில் காலைத் தூக்கி வைக்க ஒரு வளையப் பட்டை கிடைக்கும், பாதத்தில் மாட்டிக் கையால் தூக்கலாம். இடுப்புக்குக் கீழே வழவழப்பான துணி விரித்தால் புரண்டு படுப்பது எளிது.

கார் ஓட்டுகிறவர்கள், கால் மரத்து பெடல் தெரியாத நாள் வந்தால் அன்றே நிறுத்துங்கள். கையால் இயக்குகிற பிரேக், ஆக்சிலரேட்டர் பொருத்தலாம், ஆனால் ஓட்டும் திறனைப் பரிசோதிப்பவர்களிடம் காட்டிய பிறகு.

வாங்கும்போதும் பிறகும்

விலையுள்ள எதையும் முதலில் வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்துச் சோர்ந்த நேரத்தில் பயன்படுத்திப் பாருங்கள். நாற்காலி என்றால் அதை யார் காரில் தூக்கி வைப்பார் என்று கேளுங்கள், அவரையும் கடைக்குக் கூட்டிப்போய்த் தூக்கச் சொல்லுங்கள். உதிரிபாகம் கிடைக்குமா, பழுது பார்க்க யார், பேட்டரி எத்தனை நேரம், இவற்றை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

தடியின் அடி ரப்பரை மாதம் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். கோடுகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால் ஈரத் தரையில் வழுக்கும், ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், மாற்ற ஒரு நிமிடம். ரோலேட்டர் பிரேக் கம்பி தளர்ந்திருக்கிறதா, நாற்காலி டயரில் காற்று இருக்கிறதா என்பதும் அப்படித்தான், காற்று குறைந்தால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

நோய் திடீரென்று மோசமாகியிருக்கிற ரிலாப்ஸ் நேரத்தில் நிரந்தரமான, விலையுள்ள கருவி வாங்காதீர்கள். வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ உடம்பு ஓரளவு திரும்பி வரும், அதுவரை வாடகை போதும். தணிந்த பிறகு மறுபடி அளவெடுங்கள். பழைய தடியை யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம், சக்கர நாற்காலிக்குப் போனவர் அந்தத் தடிக்கே திரும்பி வருவது எம்.எஸ்.ஸில் நடக்கிறதுதான்.